ஹேமாவோட க்ளையண்ட்

ஏன் சார், இந்த வண்டி புதுக்கோட்டைக்குத்தானே போகுது? போர்டு பாத்துத்தான் ஏறினேன். கண்டக்டர்கிட்டயும் கேட்டேன். டிக்கெட்லயும் போட்டிருக்கு. இருந்தாலும் உங்ககிட்டயும் ஒரு வாட்டி கேட்டுக்கறேன். தப்பா நினைக்காதீங்க, பயந்துபோன மனுஷன் அப்படித்தான், பாக்கறவங்களையெல்லாம் கேப்பான்.

கை நடுங்குதுல்ல? தெரியுதா? இல்ல இல்ல, சுகர் இல்ல. மிட்டாயெல்லாம் வேணாம் சார், உள்ள வைங்க. பயம். வேற ஒண்ணுமில்ல, சுத்தமான பயம்.

சொல்லிட்டே வர்றேனே. சொல்லாம இருந்தா புதுக்கோட்டை வர்றதுக்குள்ள மூச்சு நின்னுரும் எனக்கு. நீங்க தூங்கணும்னா தூங்குங்க. நான் பாட்டுக்கு சொல்லிட்டு வர்றேன்.

என் தொழிலைச் சொன்னா சிரிப்பீங்க. நான் கவுன்சிலர். வார்டு கவுன்சிலர் இல்ல. எல்லாரும் அதைத்தான் நினைப்பாங்க. எங்க தெருவுல ஒரு அம்மா ரொம்ப நாளா சாக்கடை அடைப்பைப் பத்தி என்கிட்டதான் முறையிட்டுட்டு இருந்தாங்க. நானும் குறுக்கப் பேசாம கேட்டுட்டு, 'சாக்கடை அடைச்சிருக்கறது உங்களுக்கு எப்படிம்மா இருக்கு?'ன்னு கேப்பேன். அந்தம்மா ஒரு நாள் அதுக்கு பதில் சொன்னாங்க பாருங்க, அதோட கேக்கறதை விட்டுட்டேன்.

மனநல ஆலோசகர் சார். மனசு சரியில்லன்னு வர்றவங்களோட உக்காந்து பேசற வேலை. அதுலயும் நான் ஒரு தனி ரகம். என்கிட்ட வர்றவங்க பூராவும் கவுன்சிலருங்கதான், மனசுக்கு வைத்தியம் பாக்கற டாக்டருங்கதான். ஊரு மனசையெல்லாம் சரி பண்றவங்களுக்கு மனசு சரியில்லன்னா எங்க போவாங்க? என்கிட்ட வருவாங்க. சலூன்காரருக்கு முடி வெட்டி விடறவன்னு வெச்சுக்குங்களேன்.

லேசான வேலைன்னு நினைச்சுராதீங்க. ஒரு டாக்டர் வருவார், பெரிய டாக்டர். உள்ள வந்ததும் பழக்கதோஷத்துல என் நாற்காலில போய் உக்காந்துக்குவார். உக்காந்து கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிட்டு, 'ம்ஹும்... சொல்லுங்க, என்ன பண்ணுது?'ம்பார். நானும் எதிர்ல உக்காந்து என் மூட்டுவலியைச் சொல்ல ஆரம்பிச்சிருவேன். பாதி பேசின பிறகுதான் யாரு யாருன்னு ரெண்டு பேருக்கும் ஞாபகம் வரும். இன்னொருத்தர் தேம்பித் தேம்பி அழுவார். அழுதுட்டே இருக்கும்போது கடிகாரத்தைப் பாத்து, கண்ணைத் தொடைச்சுட்டு, 'சரி, இன்னிக்கு இதோட நிறுத்திக்கலாமா? நல்லாவே பேசினீங்க'ன்னு என்னைத் தட்டிக் குடுத்துட்டுப் போவார்.

சிரிச்சுட்டீங்க பாருங்க. நல்லா பண்றேன்ல? அது கூடவே பொறந்தது சார். ஒரு குரலை ஒரு தடவ கேட்டா போதும், அப்படியே வந்துரும். எங்க காலேஜ் பேராசிரியர் ஒருத்தர், பல்செட் கட்டினவர். பேசும்போது அது தனியா ஒரு பக்கம் பேசும். அவர் மாதிரி நான் போன்ல பேசினா அவர் வீட்டம்மாவே 'மாத்திரை போட்டுக்கிட்டீங்களா'ன்னு கேப்பாங்க. இந்த கண்டக்டரையே எடுத்துக்குங்க. 'மாத்தூரு எறங்கறவங்கல்லாம் முன்னால வா, முன்னால வா, மாத்தூரேய்.' ஐயோ, அந்தம்மா எந்திரிச்சுட்டாங்க. உக்காருங்கம்மா, இன்னும் வரல. இங்கதான், நான்தான், சும்மா. மன்னிச்சுக்குங்க.

பயத்துல இருக்கும்போதுதான் இது ரொம்ப வருது. அடக்க முடியல.

விஷயத்துக்கு வர்றேன். என் வீட்டுக்காரி ரெஜினா. ஸ்கூல் டீச்சர். இன்னிக்கு காலையில நான் பால் வாங்கப் போயிட்டு வர்றதுக்குள்ள கிளம்பிட்டா. பக்கத்து வீட்ல சாவியைக் குடுத்துட்டு, புதுக்கோட்டையில அக்கா வீட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டுப் போயிருக்கா. என்கிட்ட ஒரு வார்த்தை இல்ல. போன் போட்டா சுவிட்ச் ஆஃப். அவ அக்காவுக்குப் போட்டா எடுக்கவே இல்ல.

பொண்டாட்டி அக்கா வீட்டுக்குப் போனதுக்கா இந்த நடுக்கம், எவனா இருந்தாலும் பிரியாணி வாங்கிட்டு வந்து காலை நீட்டி உக்காந்திருப்பானேன்னு பாக்கறீங்க. அது இல்ல சார். அவ அக்கா வீட்டுக்குத்தான் போனாளாங்கறதே எனக்குத் தெரியல. அவ உசுரை அவளே எடுத்துக்குவாளோன்னு பயம். போதுமா? சொல்லிட்டேன்.

இல்ல, அவ ஒண்ணும் சொல்லல. அவ வாயைத் திறக்கல. அவளோட கவுன்சிலர்தான் சொன்னாங்க. அதுவும் என்கிட்ட நேரா சொல்லல. அங்கதான் இருக்கு சிக்கலே.

என்கிட்ட வர்றவங்கள்ல ஒரு அம்மா. ஹேமான்னு வெச்சுக்குங்க. நிஜப் பேர் அது இல்ல. கரூர்ல இருக்காங்கன்னு வெச்சுக்குங்க, அதுவும் இல்ல. இதுலயெல்லாம் நான் ரொம்ப கண்டிப்பு. பஸ்ஸுல பக்கத்துல உக்காந்தவங்ககிட்டயெல்லாம் க்ளையண்ட் விஷயத்தைச் சொல்ற ஆளு நான் கிடையாது.

ஹேமா ஒரு காலேஜ்ல கவுன்சிலர். நாப்பது வயசுக்குக் கிட்ட. தனியாத்தான் இருக்காங்க, மாடி போர்ஷன். பசங்க கூட்டம் கூட்டமா வந்து அவங்ககிட்ட அழும். கெட்டிக்காரி. நான் நடத்தற கவுன்சிலிங் கிளாஸ்ல படிச்ச பொண்ணுதான். மாசத்துக்கு ரெண்டு தடவ வருவாங்க. வந்து, அவங்ககிட்ட வர்ற கேஸ்ல எது ரொம்ப பாரமா இருக்கோ அதை என்கிட்ட சொல்வாங்க. எங்க தொழில்ல அது வழக்கம். சொமக்கறவங்களும் எங்கயாவது இறக்கி வெக்கணும்ல.

அப்படிச் சொல்லும்போது ஆள் அடையாளம் தெரியக் கூடாது. அதுக்கு நான்தான் கிளாஸ்ல ஒரு வழி சொல்லிக் குடுத்தேன். பேரை மாத்து, ஊரை மாத்து, தொழிலை மாத்து. டீச்சர்னா பேங்க்குன்னு சொல்லு, பேங்க்குன்னா டீச்சர்னு சொல்லு. கேக்கறவனுக்கு ஆள் தெரியக் கூடாது, வலி மட்டும் தெரியணும். என் மாணவருங்க எல்லாரும் அதைத்தான் பண்றாங்க. பொதுஜனம் வந்து 'என் ஃப்ரெண்டுக்கு ஒரு பிரச்சனைங்க'ன்னு ஆரம்பிக்கும் பாருங்க, ஃப்ரெண்டாவது ஒண்ணாவது, அது அவங்களேதான்னு முதல் வருஷம் படிக்கிற புள்ள கூட கண்டுபிடிச்சிரும். கவுன்சிலருங்ககிட்ட அந்த வம்பெல்லாம் கிடையாது. அவங்க க்ளையண்டுன்னா க்ளையண்டுதான். படிச்சவங்க.

தீபாவளி கழிஞ்சு ஒரு நாள் ஹேமா வந்தாங்க. ஒரு க்ளையண்ட் இருக்காங்க, பேங்க்ல வேலை, ரொம்ப பாரமா இருக்குன்னாங்க. சொல்லுங்கன்னேன். அந்தம்மாவுக்கு ராத்திரி தூக்கமே இல்லையாம். சாப்பாடு இறங்கலையாம். ஊர்ல இருக்கறவங்க கஷ்டத்தையெல்லாம் கேட்டுக் கேட்டு அந்தம்மாவுக்கு உள்ள எதுவும் மிச்சம் இல்லாமப் போச்சாம். எங்க தொழில்ல இதெல்லாம் தினம் கேக்கறது. நான் வழக்கம் போல தலையாட்டிட்டு, ஹேமா முகம் வாடியிருக்கேன்னு நம்ம பல்செட் பேராசிரியரை ஒரு ரவுண்டு விட்டேன். சிரிச்சாங்க. சிரிச்சுட்டே போனாங்க.

அடுத்த தடவ வந்து ஒரு விஷயம் சொன்னாங்க பாருங்க. அந்த பேங்க் அம்மாவுக்குன்னு சொல்லிக்க ஒரே ஒரு ஆள்தான் இருக்காராம். கேக்கறதே தொழிலா வெச்சிருக்கற ஆளாம். ஆனா அந்த ஆளு காதுல எதுவும் ஏற மாட்டேங்குதாம். எப்பப் பாரு அடுத்தவங்க குரல்ல பேசிக் காட்டி, சிரிக்க வெச்சே அனுப்பிடறாராம்.

நீங்களே சொல்லுங்க. கேக்கறது தொழில். அடுத்தவன் குரல்ல பேசற வியாதி. அப்படி ஒருத்தன் திருச்சில எத்தன பேர் இருக்கான்? நான் ஒருத்தன்தான் இருக்கேன். அப்ப அந்த பேங்க் அம்மா யாரு? பேங்க்குன்னா டீச்சர். டீச்சர்னா யாரு? எங்க வீட்டு ரெஜினா.

அன்னிக்கு ஹேமா முன்னால உக்காந்திருந்தேன் பாருங்க, சட்டை முதுகோட ஒட்டிக்கிச்சு. வெளிய காட்டிக்க முடியுமா? என் பொண்டாட்டியாம்மா அதுன்னு கேக்க முடியுமா? கேக்கக் கூடாது. க்ளையண்ட் யாருன்னு கேக்கறது எங்க தொழில்ல பெரிய பாவம். வீட்டுக்குப் போய் ரெஜினாகிட்ட, நீ ஹேமாகிட்ட போறியான்னு கேக்கலாமா? கேட்டா ஹேமாவோட வேலையே போச்சு. ரெண்டு பக்கமும் வாய் கட்டு. எனக்கு. எனக்கு சார், வாயை வெச்சே பொழைக்கிறவனுக்கு.

சரி, நேரா முடியல, சுத்தி வளைச்சாவது வைத்தியம் பாப்போம்னு ஆரம்பிச்சேன். ஹேமா மூலமா ரெஜினாவுக்கு. அவங்ககிட்ட இப்படிக் கேளுங்க ஹேமா, பொறுமையா கேளுங்க, புருஷன் மேல கோவமான்னு கேளுங்கன்னு சொல்லி அனுப்புவேன். ஹேமா என்னை ஒரு மாதிரி பாப்பாங்க. புருஷனாங்கற மாதிரி. அப்புறம் சரி சார்னு போயிருவாங்க. அடுத்த தடவ வந்து, கேட்டுப் பாத்தாச்சு சார், பதில் இல்லம்பாங்க. நான் வீட்டுக்கு ஓடுவேன்.

வீட்ல மிமிக்ரியை நிறுத்திட்டேன். சுத்தமா. காப்பி போட்டுக் குடுத்தேன். பக்கத்துல உக்காந்து, 'இன்னிக்கு உனக்கு எப்படி இருந்துச்சு ரெஜி?'ன்னு கேட்டேன். அவ யாரு குரல்டா இதுன்னு திரும்பிப் பாத்தா. என் குரல்தான், அவளுக்கு அடையாளம் தெரியல. வீட்ல இருந்த மாத்திரையையெல்லாம் எடுத்து ஒளிச்சு வெச்சேன். அதுல அவளோட தைராய்டு மாத்திரையும் போயிருச்சு, ஒரு வாரம் தேடினா பாவம். பாத்ரூமுக்குப் போனா தாழ் போடாதேன்னேன். மாடியில துணி காயப் போடப் போனா பின்னாலயே நானும் க்ளிப்பு டப்பாவைத் தூக்கிட்டுப் போவேன். உங்களுக்கு என்ன வேணும்னு ஒரு நாள் கேட்டா. ஒண்ணும் வேணாம், நீ இரு, அது போதும்னேன். அவ மூஞ்சி வெளுத்துப் போச்சு சார். நோயாளி மூஞ்சி எனக்குத் தெரியாதா? சரிதான், நாம நினைச்சது சரிதான்னு ஆயிருச்சு.

போன வாரம் பீரோவைத் திறந்து பட்டுப் புடவையெல்லாம் எடுத்து ஒரு பையில வெச்சுட்டிருந்தா. அக்கா பொண்ணுக்குக் குடுக்கறேன்னா. நான் அங்கயே நின்னு ஒவ்வொரு புடவையா எண்ணினேன். ஏன்னா, ஒரு ஆள் ஆசையா வெச்சிருந்த சாமானையெல்லாம் எடுத்து அடுத்தவங்களுக்குக் குடுக்க ஆரம்பிச்சா, எங்களுக்கு அது அபாயச் சங்கு மாதிரி. உடனே கவனிக்கணும்.

நேத்து ஹேமா வந்தாங்க. நல்ல சிரிச்ச முகம். ரொம்ப நாள் கழிச்சு தலைக்குப் பூ வெச்சு வந்திருந்தாங்க. அந்த க்ளையண்ட் எப்படின்னு வாசல்லயே கேட்டுட்டேன், பொறுக்கல. அந்தம்மா இப்ப ரொம்ப அமைதியாயிட்டாங்களாம். மனசு தெளிஞ்சிருச்சாம். ஒரு முடிவுக்கு வந்துட்டாங்களாம். அழுதுட்டே இருந்த ஆள் திடீர்னு அமைதியானா நீங்க சந்தோஷப்படுவீங்க. நாங்க பயப்படுவோம். ஜாக்கிரதையா பாத்துக்குங்க ஹேமா, தனியா விடாதீங்கன்னு கையைப் பிடிக்காத குறையா சொன்னேன். பாத்துக்கலாம் சார்னாங்க.

ஓடினேன் வீட்டுக்கு. ரெஜினா அடுப்படியில பாட்டு முனகிட்டே வெங்காயம் நறுக்கிட்டிருந்தா. பாட்டு சார். எத்தன மாசமாச்சு அவ பாடி. நான் நிலைப்படியைப் பிடிச்சுட்டு நின்னேன். ராத்திரி பூரா அவ மூச்சு வருதான்னு மூக்குக்கிட்ட கையை வெச்சு வெச்சுப் பாத்தேன். ஒரு தடவ கண்ணு முழிச்சிட்டா. பாத்துட்டே இருந்தா. காலையில பால் வாங்கிட்டு வர்றேன், ஆளைக் காணோம்.

இப்ப சொல்லுங்க. நடுங்குவேனா மாட்டேனா?

இருங்க. போன். ரெஜினா. அவதான்.

ஹலோ. ரெஜி. ரெஜி, எங்க இருக்க? ... இல்ல, நான் பஸ்ல. ... புதுக்கோட்டைக்குத்தான். ... கத்தல, நான் கத்தல. ... என்னது? ... யாரு, நானா? ... நீ ஹேமாகிட்ட போறேல்ல? ... ஹேமாவா, அது யாருன்னா... சரி சரி, நிஜப் பேர் சொல்ல முடியாது, நீ எந்த கவுன்சிலர்கிட்டயாவது... ம். ... ம். ... சரி. சாப்பிட்டியா? ... சரி.

அப்பாடா.

அப்பாடா சார். தண்ணி இருக்கா? ஒரு வாய் குடுங்க. என்ன சொன்னா தெரியுமா, அப்படியே சொல்றேன் கேளுங்க, அவ குரல் இப்படித்தான், ஆணி அடிக்கிற மாதிரி: 'நான் எந்த கவுன்சிலர்கிட்டயும் போகல. ஒரு கவுன்சிலரோட குடும்பம் நடத்தறதே எனக்குப் போதும். நீங்க கொஞ்ச நாளா பாக்கற பார்வைல எனக்கு பயமா இருக்கு. நடுராத்திரி மூக்குல கை வெக்கறீங்க. கழுத்தை நெரிக்கத்தான் போறீங்கன்னு நினைச்சேன். நாலு நாள் அக்கா வீட்ல நிம்மதியா தூங்கிட்டு வர்றேன், நீங்க வர வேணாம்.' சார்ஜ் தீந்து போச்சாம், அதான் போன் ஆஃப். அவ அக்கா பொண்ணுக்கு நிச்சயமாம். அதுக்குத்தான் புடவை. அதுக்குத்தான் பாட்டு. என்கிட்ட போன மாசமே சொன்னாளாம். சொல்லியிருப்பா, சொல்லியிருப்பா.

உசுரு வந்துச்சு சார் எனக்கு. எங்க வந்திருக்கோம்? கீரனூர் வரல இன்னும்? வரட்டும் வரட்டும். இனிமே இந்த வண்டி ஆடி அசைஞ்சு போனாலும் பரவால்ல. பொண்டாட்டி நான் கொலை பண்ணிருவேன்னு பயந்து ஓடியிருக்கா, நான் அவ செத்துருவாளோன்னு பயந்து ஓடி வர்றேன். எப்படி ஜோடி?

அந்த பேங்க் அம்மா வேற யாரோ. பாவம், யாரு பெத்த புள்ளையோ. ஹேமா பாத்துக்குவாங்க. ஹேமாவை உங்களுக்குப் பேசிக் காட்டலையே நான். அது ஒரு அழகு சார். அதிராம, ஏத்த இறக்கமே இல்லாம, ஸ்டேஷன்ல வண்டி வர்ற நேரம் சொல்ற மாதிரி. தலையை லேசா சாச்சுக்குவாங்க, இப்படி. வளையலை மணிக்கட்டுல மேல ஏத்தி விட்டுட்டு ஆரம்பிப்பாங்க. கேளுங்க.

'ராத்திரி தூக்கமே இல்ல சார். சாப்பாடு இறங்கல. எல்லார் கஷ்டத்தையும் கேட்டுக் கேட்டு உள்ள எதுவும் மிச்சமில்ல. சொல்லிக்கன்னு ஒரே ஒரு ஆள். அவர்கிட்டயும் சொல்லிப் பாத்தாச்சு. காதுல ஏறல. சிரிக்க வெச்சே அனுப்பிடறார்.'

எப்படி? அச்சு. அப்படியே அச்சு.

என்ன கேட்டீங்க? தூக்கம் இல்லாதது யாருக்குன்னா? அந்தம்மாவுக்குத்தான் சார், அந்த பேங்க் அம்மாவுக்கு. இவ்ளோ நேரம் சொன்னேனே.

இருங்க.

இன்னொரு தடவ சொல்லிப் பாக்கறேன். 'ராத்திரி தூக்கமே இல்ல சார். சாப்பாடு இறங்கல.' இல்ல, எங்கயோ ஒரு வார்த்தை விட்டுப் போச்சு. 'அவங்களுக்கு'ன்னு ஒண்ணு வரணும்ல. நான் விட்டிருக்கேன். நான் விட மாட்டேனே. என் வாய் ஒரு செருமலைக் கூட விடாது, கேட்டது கேட்டபடிதான் வரும். நேத்து சொன்னதைச் சொல்றேன். 'இப்ப அமைதியா இருக்கு சார். மனசு தெளிஞ்சிருச்சு. முடிவு எடுத்தாச்சு.'

முடிவு எடுத்தாச்சு. யாரு எடுத்தா?

'அவங்க' இல்ல சார். எதுலயும் இல்ல. முதல் நாள் ஒரே ஒரு தடவ க்ளையண்டுன்னு சொன்னாங்க. அதுக்கப்புறம் ஒரு வாட்டி கூட 'அவங்க'ன்னு சொல்லல. தூக்கமில்ல. இறங்கல. முடியல. பாத்தாச்சு. எடுத்தாச்சு. யாருன்னே சொல்லாம நம்ம பாஷையில எல்லாத்தையும் சொல்லிரலாம் சார். அந்தம்மா, அந்தம்மான்னு நடுவுல நடுவுல போட்டுக்கிட்டது நான். கேட்டுப் பாத்தாச்சு, பதில் இல்லன்னாங்களே. தன்னைத்தானே கேட்டுப் பாத்திருக்காங்க. நான் சொல்லி அனுப்பினதையெல்லாம் வீட்ல தனியா உக்காந்து தன்கிட்டயே...

அந்த ஒரே ஒரு ஆளு நான்தான். அது சரியாத்தான் கண்டுபிடிச்சேன். புருஷன்னு நினைச்சுக்கிட்டேன்.

நேத்து ரெண்டு பை நிறைய புஸ்தகம் கொண்டாந்தாங்க சார். அவங்க புஸ்தகம், பேர் எழுதி வெச்சது. இங்க படிக்க வர்ற பசங்களுக்கு ஆகும்னாங்க. நல்லதாப் போச்சுன்னு நான் அலமாரியில அடுக்கினேன். ரெஜினா புடவையை எண்ணிட்டிருந்தவன். போகும்போது வாசல்ல நின்னு, அடுத்த தடவ வரத் தேவையிருக்காது சார்னாங்க. கேஸ் முடிஞ்சதுன்னு நினைச்சேன். அந்தப் பேராசிரியரை ஒரு தடவ பேசிக் காட்டுங்களேன்னாங்க. காட்டினேன். கூடவே ஒரு தும்மலும் சேத்துக் காட்டினேன்.

போன் எங்க? போன் எங்க வெச்சேன்? கையிலயே இருக்கு.

தாமரை... தாமரைச்செல்வி. ஆமா சார், ஹேமாதான், அவங்க பேரு தாமரை. திருவெறும்பூர்ல இருக்காங்க. எல்லாத்தையும் சொல்லிட்டேன், போகட்டும். ரிங் போகுது.

போகுது. எடுக்கல.

வர்ற எல்லார்கிட்டயும் முதல் நாளே வீட்டு ஆளு நம்பர் ஒண்ணு வாங்கி வெச்சுக்குவேன், அவசரத்துக்கு. இவங்ககிட்ட வாங்கல. கவுன்சிலர்தானே, இவங்களுக்கு எதுக்குன்னு. அண்ணன் ஒருத்தர் இருக்கார்னு தெரியும், எந்த ஊருன்னு கூட கேட்டதில்ல. எடுங்கம்மா. எடுங்க. கட்டாயிருச்சு. திரும்பப் போடறேன்.

கண்டக்டர், வண்டியை நிறுத்துங்க. இல்ல, கீரனூர் வரைக்கும் முடியாது, இங்கயே நிறுத்துங்க. எதிர்ல திருச்சி போற வண்டி எதுவா இருந்தாலும்... ரிங் போகுது, ஒரு நிமிஷம்.

ஹலோ. தாமரை. தாமரைதானே? நான் இருதயராஜ் பேசறேன். ... இல்ல, எங்கயும் இல்ல, பஸ்ல. அதை விடுங்க. ... இல்லம்மா, அதெல்லாம் வேணாம், இப்ப யாரு மாதிரியும் பேசல. நான்தான் பேசறேன். ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அந்த பேங்க் க்ளையண்ட்... அப்படி யாரும் இல்ல, இல்லையா? ... தாமரை? ... நீங்களா?

கட் பண்ணிடாதீங்க.

பரவால்ல. அவசரமில்ல. இருக்கேன்.

... என்ன சொன்னீங்க? வண்டி சத்தம், கேக்கல. இன்னொரு தடவ. ... ஆமா. ... கேட்டுச்சு. இப்ப கேட்டுச்சும்மா.

நேராவே கேட்டுடறேன். செத்துப் போயிரணும்னு இருக்கீங்களா? ... சரி. ... சரி. சொன்னதுக்கு நன்றி. இல்ல, கோவமெல்லாம் இல்ல, என் மேலதான். இப்ப நான் சொல்றதை மட்டும் பண்ணுங்க. எந்திரிச்சு கதவைத் திறங்க. போன் கையிலயே இருக்கட்டும். கீழ வீட்டுக்காரம்மா இருக்காங்களா? ... அவங்ககிட்ட எதுவும் விளக்க வேணாம். எனக்கு உடம்பு சரியில்ல, தனியா இருக்க முடியல, கூட உக்காருங்கன்னு மட்டும் சொல்லுங்க. போதும். ... முடியும். படி இறங்கற சத்தம் எனக்குக் கேக்கணும். நான் வர்றேன். அந்தம்மாகிட்ட போனைக் குடுங்க, அப்புறம் திரும்ப வாங்கிக்குங்க.

சார், காலைக் கொஞ்சம் ஒதுக்கிக்குங்க. பை கிடக்கட்டும், பரவால்ல.

இல்ல தாமரை, உங்களை இல்ல. நான் இறங்கறேன். நீங்களும் இறங்குங்க. இறங்கிட்டே சொல்லுங்க. முதல்லருந்து சொல்லுங்க.

... ம்.

... ம்.